பால் மணி

இரும்பில் இரும்பு மோதும் சத்தம் கேட்டதும் என் மகள் அபியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

விட்டு விட்டு அடித்திருந்தால் பேசாமல் இருந்திருப்பேன். இது மூச்சுவிடாத அடி. டாங் டாங் டாங் டாங். எங்கள் பள்ளிக்கூடத்தில் மணியை இப்படி அடித்தால் விமானம் வருகிறது என்று பொருள். மிளகாய்த் தோட்டத்துப் பக்கமிருந்தும் வாய்க்கால் பக்கமிருந்தும் பெண்கள் ஓடி வந்துகொண்டிருந்தார்கள். ஒருத்தியின் கையில் மண்வெட்டி. இன்னொருத்தி சேலையை முழங்காலுக்கு மேலே இழுத்துச் செருகியிருந்தாள். எல்லோரும் நான் நின்ற, தென்னோலைக் கிடுகு வேய்ந்த கொட்டிலை நோக்கித்தான் வந்தார்கள். இதற்கு மேல் யாராவது வந்து என் காதில் சொல்ல வேண்டுமா?

கொட்டிலுக்குப் பின்னால் பங்கர் இருந்தது. பதுங்குகுழியை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அபியை நெஞ்சோடு அணைத்தபடி உள்ளே குதித்தேன். அவளுடைய தலையை என் மடிக்குள் அமுக்கி, காதுகளைப் பொத்தி, வாயைத் திறந்து வைத்திருக்கச் சொன்னேன். நானும் வாயைத் திறந்து வைத்துக்கொண்டேன்.

காத்திருந்தோம். இரைச்சல் வரவில்லை. எங்களுக்குப் பின்னால் வேறு யாரும் குதிக்கவும் இல்லை.

கொஞ்ச நேரத்தில் குழி வாசலில் ஒரு முகம் தெரிந்தது. கமலா. எங்களை அந்தக் கொட்டிலுக்குக் கூட்டி வந்தவள். வியர்வை வழிய, இடுப்பில் கைக்குழந்தையோடு நின்றாள். குழந்தை அவளுடைய மாராப்புக்குள் முகத்தைப் புதைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தது.

"டீச்சர், ஏன் அங்க போயி உக்காந்திருக்கீங்க?"

"பொம்பர்!" என்றேன். "இறங்குங்கோ கெதியா! பிள்ளையோட வெளியில நிக்கிறியள்!"

கமலா வானத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"பொம்பர் இல்லைங்க டீச்சர். பால் மணி."

சேலைத் தலைப்பு

போன வாரம் எங்கள் பள்ளிக்கூடம் மரத்தடியில் நடந்த காலத்தைப் பற்றி எழுதியிருந்தேன். அதை வாசித்துவிட்டு ஒரு வாசகி தொலைபேசியில் கேட்டார்: "ஊர்ப் பிள்ளையளுக்கெல்லாம் கணக்குப் படிப்பிச்சனீங்கள் சரி. உங்கட பிள்ளையை ஆர் பார்த்தது?" அவருக்கு மூன்று வயதில் ஒரு மகன் இருக்கிறான். பாலர் பாடசாலை தேடி அலைகிறாராம். எது நல்லது, எது கூடாது என்று எதை வைத்துக் கண்டுபிடிப்பது என்று கேட்டார். என்னிடம் ஒரு சூத்திரமும் கிடையாது. இருப்பது இந்தக் கதைதான்.

போர் நெருங்கி, கிளிநொச்சியை விட்டு எல்லோரும் கிளம்பிய அன்று தெரு முழுக்க உழவு இயந்திரங்கள். பக்கத்து வீட்டார் தங்கள் உழவு இயந்திரத்தின் இழுவைப் பெட்டியில் மூட்டைகளுக்கு நடுவே அபியை இருத்திக்கொண்டார்கள். நான் சைக்கிளில் பின்னால் வந்தேன். ஒரு சந்தி நெரிசலில் அவர்களைத் தவறவிட்டேன். அவர்கள் ஒரு பாதையால் போக நான் வேறொன்றால் போய், பொழுது சாயும் நேரத்தில்தான் ஒரு கோயில் வளவில் பிள்ளையைக் கண்டேன். அவளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. யாரோ கொடுத்த பிஸ்கற் கடிக்கப்படாமல் கையிலேயே இருந்தது. அவள் அழவும் இல்லை. என் சேலைத் தலைப்பை எடுத்துத் தன் கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டாள்.

அந்தச் சுற்றை அவிழ்ப்பதுதான் பிறகு என் வாழ்க்கையின் பெரிய வேலையாகிப் போனது.

அபியின் அப்பா அதற்கு முன்பே யாழ்ப்பாணத்தில் அகப்பட்டுக்கொண்டார். பாதை பூட்டு. எப்போதாவது ஒரு கடிதம் வந்தால் உண்டு. துணுக்காய்ப் பக்கத்தில் ஒருவருடைய காணியில் கொட்டில் போட்டு நானும் அவளும் இருந்தோம். என் ஆசிரியச் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது.

இடம்பெயர்ந்த எங்கள் பள்ளிக்கூடமும் அருகில்தான் நடந்தது. நான் கரும்பலகையில் எழுதினால் அபியும் தலைப்பைப் பிடித்தபடி என்னோடு இடமும் வலமும் நடப்பாள். மாணவர்கள் அவளுக்கு 'உதவி டீச்சர்' என்று பெயர் வைத்தார்கள். அவர்களுக்குச் சிரிப்பு. எனக்கு, மலசலகூடத்துக்குப் போனாலும் கதவுக்குக் கீழால் ஒரு சின்னக் கை சேலையைப் பிடித்திருக்கும் சீவியம்.

ஒருநாள் பள்ளிக்கூட அதிபர் கூப்பிட்டார். "டீச்சர், எனக்கு விளங்குது. ஆனா புதுத் தவணையில இருந்து பிள்ளையை வகுப்புக்குக் கொண்டு வரேலாது. சோதனை எடுக்கிற பிள்ளையள். ஒண்டில் அவளுக்கு ஒரு இடம் பாருங்கோ, இல்லாட்டிச் சம்பளமில்லாத லீவு போடுங்கோ."

நல்ல மனிதர். அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்காமல் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அடுத்த நாளே இடம் தேடத் தொடங்கினேன்.

சீமெந்து நிலமும் வெள்ளைச் சப்பாத்தும்

முதலில் நான் போனது, அந்தப் பகுதியில் எல்லோரும் மெச்சிய முன்பள்ளிக்கு. சீமெந்து நிலம், வர்ணம் பூசிய குட்டிக் கதிரைகள், சுவர் முழுக்கப் படங்கள். சீமெந்துக்குத் தடை இருந்த அந்தக் காலத்தில் அது எங்கே கிடைத்தது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. பிள்ளைகள் வெள்ளைச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு வரிசையில் நின்று கை கழுவினார்கள். நகம் வெட்டாத பிள்ளை ஒன்றைக்கூட அங்கே காண முடியாது. ஆசிரியை முறையாகப் பயிற்சி பெற்றவர். ஒரு கணக்கு டீச்சரின் மனம் குளிர இதைவிட வேறென்ன வேண்டும்?

ஒரே ஒரு சட்டம்தான் இருந்தது. அம்மாமார் வாசல் படலைக்கு உள்ளே வரக்கூடாது.

"நீங்கள் நிண்டால்தான் அழுவினம் டீச்சர்," என்றார் ஆசிரியை. "விட்டிட்டுத் திரும்பிப் பாராமல் போங்கோ. பழகீடுவா."

அபியின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தலைப்பை எடுத்தார்கள். முதல் கிழமை முழுக்க அவள் அழுத சத்தம் படலை தாண்டிக் கேட்டது. அடுத்த கிழமை சத்தம் நின்றது. ஆசிரியை மகிழ்ச்சியோடு சொன்னார்: "பாருங்கோ, இப்ப எவ்வளவு நல்ல பிள்ளை. ஒரு கரைச்சலும் இல்லை."

எனக்கும் அப்பாடா என்றுதான் இருந்தது. ஆனால் வீட்டுக்கு வந்தும் அவள் கதைக்கவில்லை. கொண்டுபோன ரொட்டி அப்படியே திரும்பி வந்தது. என்ன படித்தாய் என்று கேட்டால் கைகளைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்து காட்டினாள். அதைப் பார்த்த அன்று எனக்கு வந்த கோபத்தை யார்மேல் காட்டுவது என்று தெரியாமல் சட்டி பானைமேல் காட்டினேன்.

அந்த ஆசிரியையை நான் குறை சொல்ல மாட்டேன். அவரிடம் படித்த பிள்ளைகள் பலர் பிறகு என் வகுப்புக்கு வந்தார்கள். எழுத்து முத்து முத்தாக இருக்கும். அபிக்குத்தான் அந்த இடம் சரிவரவில்லை.

இடையில் ஒரு நெல் மில்

நான் படித்த பாலர் வகுப்பையும் சொல்லிவிடுகிறேன். அது ஒரு நெல் மில்லின் விறாந்தையில் நடந்தது. சிலேட்டு இல்லாத பிள்ளைகள் தவிட்டில் எழுதுவோம். மில் ஓடத் தொடங்கினால் ஆசிரியை என்ன சொல்கிறார் என்று ஒருவருக்கும் கேட்காது. அவர் வாயசைப்பார், நாங்களும் வாயசைப்போம். வீட்டுக்குப் போகும்போது தலையெல்லாம் தவிடு. மாடுகள் எங்களைப் பாசத்தோடு முகர்ந்து பார்க்கும்.

தரம் பார்த்தால் அதற்கு எந்த அதிகாரியும் ஒரு புள்ளிகூடப் போடமாட்டார். ஆனாலும் நான் அழாமல் போன இடம் அது. மில்லில் என் அப்பா கணக்கெழுதிக்கொண்டிருந்தார். கழுத்தை நீட்டினால் அவருடைய முதுகு தெரியும். அந்த முதுகின் விலை அப்போது எனக்குத் தெரியாது.

புளியமரத்தடி

இரண்டாவது இடம் புளியமரத்தடி. முல்லைத்தீவுக் கரையிலிருந்து இடம்பெயர்ந்து வந்த கடற்றொழில் குடும்பங்கள் அந்த மரங்களுக்குக் கீழே கொட்டில் போட்டிருந்தார்கள். அவர்களில் ஒருவரான மேரி டீச்சர் பிள்ளைகளைச் சேர்த்து வைத்துப் பாட்டும் விளையாட்டும் சொல்லிக் கொடுத்தார்.

என்ன அருமையான மனுசி! மூக்கு ஒழுகும் பிள்ளையைத் தன் சேலையாலேயே துடைப்பார். காலையில் ஒரு செபம், பிறகு நாள் முழுக்கப் பாட்டு. ஒரு நீளக் கயிற்றைப் போட்டுப் பிள்ளைகளை வரிசையாக இருத்திக் கரைவலை இழுக்கச் சொல்வார். கடலைக் காணாத காட்டுக்குள் அந்தக் குஞ்சுகள் 'ஏலேலோ' என்று இழுப்பார்கள். வலையில் என்ன மீன் வந்தது என்று ஒவ்வொரு பிள்ளையும் சொல்ல வேண்டும். அபி ஒரு கையால் என் தலைப்பைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கயிற்றை இழுத்தாள். மெல்லிய குரலில் "றால்" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"இனிப் பயமில்லை," என்று மேரி டீச்சர் என் காதுக்குள் சொன்னார். "அவா விளையாட்டில இருக்கேக்க நீங்கள் மெல்ல நழுவுங்கோ."

நழுவினேன். எல்லோரும் சொல்லும் யோசனையும் அதுதானே.

புளியமரத்தடிக்கு வேலி இல்லை. பக்கத்தில் தெரு. அபி திரும்பிப் பார்த்திருக்கிறாள், நான் இல்லை. கயிற்றைப் போட்டுவிட்டு நேரே தெருவுக்கு ஓடியிருக்கிறாள். நெல் மூட்டை ஏற்றி வந்த உழவு இயந்திரக்காரர் பிரேக் அடித்துத் திட்டிக்கொண்டே அவளைப் பெட்டியில் ஏற்றி, விசாரித்து விசாரித்து எங்கள் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு வந்தார். பெட்டியில், மூட்டைகளுக்கு நடுவே, மறுபடியும் அதே பிள்ளை. ஓடிப்போய் அவளை இறக்கினேன்.

மேரி டீச்சர் பின்னாலேயே ஓடி வந்தார். என்னைவிட அதிகமாக அழுதது அவர்தான். "நான் ஒருத்தி டீச்சர். இத்தினை பிள்ளையளை என்னெண்டு பிடிக்கிறது?"

உண்மைதான். ஓரிடத்தில் வேலி இருந்தது, எனக்கு உள்ளே இடமில்லை. மற்ற இடத்தில் எல்லோருக்கும் இடம் இருந்தது, வேலிதான் இல்லை. புதுத் தவணை நெருங்கிக்கொண்டிருந்தது. லீவுக் கடிதம் எழுதுவதென்று மனதுக்குள் முடிவெடுத்துவிட்டேன்.

மடுவம்

எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் மலையகத்திலிருந்து வந்த குடும்பங்களின் குடியேற்றம். கலவரங்களுக்குப் பிறகு தேயிலைத் தோட்டங்களை விட்டு வந்து காடு வெட்டிக் குடியிருந்தவர்கள். பெண்கள் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் நாள் கூலிக்குப் போவார்கள். கமலா தினமும் எங்கள் வகுப்பைத் தாண்டித்தான் தோட்டத்துக்குப் போவாள். சேலைத் தலைப்பும் அபியுமாக நான் படும் பாட்டை அவளும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

"டீச்சர், நம்ம புள்ள மடுவத்துல விட்டுப் பாருங்களேன்," என்றாள் ஒருநாள்.

தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகும் இடத்துக்குத்தான் பிள்ளை மடுவம் என்று பெயர். அதே பழக்கத்தை இங்கேயும் ஒரு கிடுகுக் கொட்டிலில் வைத்திருந்தார்கள். லெட்சுமி அக்கா என்ற பெண் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார்.

மனமில்லாமல்தான் போனேன். இடுப்பளவு மண்சுவர். சேலைத் தூளிகளாய் ஏணைகள் தொங்கின. ஒரு ஆட்டுக்குட்டி உரிமையோடு நடமாடியது. படம் இல்லை, எழுத்து இல்லை, பாட்டுக்கூட இல்லை. பெரிய பிள்ளைகள் மண்ணில் கிண்டிக்கொண்டிருந்தார்கள். முற்றத்து வேப்பமரத்தில் தண்டவாளத் துண்டு ஒன்று தொங்கியது. ரயில் ஓடாமல்போன பாதையிலிருந்து வந்த துண்டு. இது சரிவராது என்று எழும்பிய நேரம்தான் லெட்சுமி அக்கா ஒரு இரும்பை எடுத்து அதில் விளாசத் தொடங்கினார். வகுப்புக்கு இலேசாகக் கேட்கும்போது ஏதோ பட்டறைச் சத்தம் என்று நினைத்திருந்த அது, பக்கத்தில் நின்று கேட்டபோது விமான மணியேதான். நான் பங்கருக்குள் குதித்தேன்.

குழி வாசலில் கமலாவுக்குப் பக்கத்தில் இன்னொரு முகம் வந்தது, பிறகு இன்னொன்று. "டீச்சரம்மா பால் மணிக்குப் பங்கருக்குள்ள போயிட்டாங்க!" என்று யாரோ சத்தம் போட்டார்கள். ஒருத்தி சிரித்துச் சிரித்துக் குழந்தைக்குப் புரையேற வைத்தாள். வெட்கத்தில் நான் அப்படியே மண்ணுக்குள் போய்விடலாம் என்று பார்த்தேன். பாதி போய்த்தானே இருந்தேன்.

அப்போது மடியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அபி சிரித்தாள். என் முகத்தைப் பார்த்து, என் திறந்த வாயைப் பார்த்து, கெக்கட்டமிட்டுச் சிரித்தாள். இடம்பெயர்ந்த பிறகு நான் கேட்கும் முதல் சிரிப்பு. பிறகு படியில் கை வைத்துத் தானே மேலே ஏறிப் போனாள். இரண்டு கைகளாலும் ஏறினாள். தலைப்பு என் தோளிலேயே கிடந்தது.

முகம் காட்டுதல்

"மலையில பத்து மணிக்கு மணி அடிப்பாங்க," என்று கமலா சொன்னாள். "கொழுந்துக் கூடைய அப்பிடியே போட்டுட்டு அம்மாமாரு எல்லாம் ஓடி வருவாங்க. மழையில நனைஞ்சிக்கிட்டு எங்கம்மா எனக்குப் பால் குடுக்க வந்ததாச் சொல்வாங்க. இங்க வந்தும் நாங்க விடல. தோட்டக்காரங்ககிட்ட முதல்லயே சொல்லித்தான் வேலைக்குப் போவோம்."

"என்ர பிள்ளை பால் குடியை மறந்து கனகாலம்," என்றேன்.

லெட்சுமி அக்கா திரும்பிப் பார்த்தார். "பால் இல்லாட்டியும் வரணும் டீச்சர். மொகத்தக் காட்டிட்டுப் போகணும். இங்க எல்லாருக்கும் அதுதான் வழக்கம்."

அபியிடம் விடயத்தை மறைக்காமல் சொன்னேன். அம்மா இப்போது போகிறேன், இந்த இரும்பை அடிக்கும்போது வருவேன். அவள் இரும்பைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அன்று அழுதாள்தான். ஆனால் மணி அடித்தது, நான் ஓடினேன். அடுத்த நாளும் அடித்தது, அடுத்த நாளும் ஓடினேன். ஒரு வாய் அவித்த பயறு ஊட்டிவிட்டுத் திரும்பி வருவேன்.

அதிபரிடம் இதைச் சொல்லத் தயங்கினேன். அவர் கண்ணாடியைத் துடைத்து முடித்துவிட்டுச் சொன்னார்: "எங்கட இடைவேளையும் அந்த நேரம்தானே. அவையள் அடிக்கேக்க நாங்களும் விடுவம். எங்கட மணிக்கூடு எண்டைக்குச் சரியா ஓடினது?"

அதன் பிறகு பள்ளிக்கூடம் முழுவதும் பால் மணிக்குத்தான் இடைவேளை விட்டது. என் மாணவர்கள் அந்த மணியை எவ்வளவு அன்போடு எதிர்பார்த்தார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

மடுவத்தில் அபி ஓர் எழுத்தும் படிக்கவில்லை. தலையில் பேன் வந்தது. ஆட்டுப் புழுக்கை கொண்டு கடை போட்டு விளையாடினாள். எங்கள் பேச்சை விட்டுவிட்டு அவர்களைப் போல 'இருங்க, வாங்க' என்று கதைக்கத் தொடங்கினாள். என் சிநேகிதிகள் கேலி செய்தார்கள். செய்யட்டும் என்று விட்டேன். பிள்ளை சாப்பிட்டாள், சண்டை பிடித்தாள், சத்தம் போட்டாள். கரும்பலகைக்கு முன்னால் என் சேலைத் தலைப்பை நானே இடுப்பில் செருகிக்கொண்டு கணக்குப் போட்டேன். அந்தச் சுகத்தை எப்படிச் சொல்வேன்!

விமானம் வந்த அன்று

பிறகு ஒருநாள் உண்மையாகவே விமானம் வந்தது. பால் மணி அடித்து, நான் முகம் காட்டிவிட்டுத் திரும்பி, பாடமும் தொடங்கிவிட்டது. இரைச்சல் கேட்டதும் பிள்ளைகள் எல்லோரும் பங்கருக்குள் இறங்கிவிட்டார்கள். முதல் சத்தத்தில் மண் கொட்டியது. அடுத்த சத்தம் குடியேற்றப் பக்கமிருந்து வந்தது போலிருந்தது.

நான் படியில் கால் வைத்தேன். அதிபர் என் கையைப் பிடித்துவிட்டார்.

"இருங்கோ டீச்சர். இன்னொருக்காச் சுத்தி வருவான்."

"என்ர பிள்ளை அங்க, சேர்."

"அங்கயும் பங்கர் இருக்கு. இருங்கோ."

இருந்தேன். அந்த நேரம் எவ்வளவென்று எனக்குத் தெரியாது. கோயில் வளவில் பிஸ்கற்றோடு நின்ற பிள்ளைதான் கண்ணுக்குள் நின்றாள். இரைச்சல் தேய்ந்து போன பிறகும் ஒருவரும் அசையவில்லை.

அப்போது மணிச் சத்தம் கேட்டது.

லெட்சுமி அக்காவின் அடி இல்லை. வலுவில்லாத அடி. டங். கொஞ்சம் விட்டு, டங். பிறகு ஒரு அடி தவறிப் போய், மறுபடியும் டங்.

அதிபர் என் கையை விட்டுவிட்டார். நான் ஓடினேன். மிளகாய்த் தோட்டத்திலிருந்தும் வாய்க்காலிலிருந்தும் பெண்கள் ஓடி வந்துகொண்டிருந்தார்கள், நான் முதல் நாள் கண்டது போலவே. குண்டு வயலுக்கு அப்பால் காட்டுக்குள் விழுந்திருந்தது. மடுவத்தின் கிடுகில் பாதி பறந்து போயிருந்தது. வேறொன்றும் இல்லை. ஏணைப் பிள்ளைகள் எல்லோரும் புழுதி படிந்த முகங்களோடு முற்றத்தில் கிடந்து வீரிட்டுக்கொண்டிருந்தார்கள். அதைவிட நல்ல சத்தத்தை நான் கேட்டதில்லை.

வேப்பமரத்தடியில் லெட்சுமி அக்கா அபியை இடுப்பில் தூக்கி வைத்திருந்தார். அபி இரண்டு கைகளாலும் இரும்பைப் பிடித்துத் தண்டவாளத்தில் அடித்துக்கொண்டிருந்தாள்.

"பங்கர விட்டு வெளிய வந்த ஒடனே, மணிய அடிங்க, அம்மா வருவாங்கன்னு சொன்னா டீச்சர்," என்றார் லெட்சுமி அக்கா. "நானே அடிக்கிறேன்னுட்டா. இரும்ப அவதான் வாங்கிக்கிட்டா."

நான் கைகளை நீட்டினேன். அபி என்னைப் பார்த்தாள். நான் வருவேன் என்பதில் அவளுக்கு ஒரு சந்தேகமும் இருக்கவில்லை என்று அந்த முகத்தில் தெரிந்தது.

"கொஞ்சம் இருங்க அம்மா," என்றாள். "கமலா அத்தை இன்னும் வரல."

மறுபடியும் அடித்தாள். வாய்க்கால் வரம்பைத் தாண்டிக் கமலா தலைவிரி கோலமாக ஓடி வருவதைக் கண்ட பிறகுதான், இரும்பை லெட்சுமி அக்காவிடம் கொடுத்துவிட்டு என்னிடம் வந்தாள்.